மீனில்லாத மீன்பெட்டி

நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. தன் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள் ஒரு ரகம். பக்கத்தில் வருகிறவனின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். செஞ்சிக் கோட்டை வரை போய்த் திரும்பிய ஒரு நாளில், நான் எந்த ரகம் என்பது என் நண்பனுக்குத் தெரிந்துபோயிற்று. வழியில் ஒரு புளியமரத்தடியில் அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தான். எழுந்து பார்த்தபோது அவனுடைய பாட்டிலும் என்னுடையதைப் போலவே காலியாக இருந்தது. "வெயிலுக்கு ஆவியாயிருக்கும் மச்சான்" என்றேன். மூடி போட்ட பாட்டில். அவன் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக் காட்டினான்.

மாமல்லபுரத்தில் அவனுக்கு ஹார்டுவேர் கடை. சிற்பக்கூடங்களுக்குக் கல்லறுக்கும் பிளேடு, உளி, உப்புத்தாள் எல்லாம் அங்கிருந்துதான் போகும். ஊருக்கு அவன் பாய், எனக்கு மச்சான். ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் தூங்கிய உறவு. வருடா வருடம் நோன்பு வைத்துப் பழகிய உடம்பு அவனுக்கு. தாகம் எடுத்தால் கடிகாரத்தைப் பார்ப்பான். எனக்குத் தாகம் எடுத்தால் அவன் பாட்டிலைப் பார்ப்பேன்.

ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற வேண்டும் என்பது எங்கள் பல வருடத்துப் பேச்சு. பாறையும் முள்ளும் காய்ந்த கடலைக் காடுமாகக் கிடக்கிற பூமி. ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் எப்போது வரும் என்று சாலைக்கே தெரியாது. குளிர்காலத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து சிலை வாங்குவார்கள், அவனால் கடையை விட்டு நகர முடியாது. நானோ சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன், எனக்குப் பெரிய லீவு கிடைப்பது வெயில் காலத்தில்தான். ஆகவே கொளுத்துகிற மாதத்தில், கொளுத்துகிற ஊருக்கு. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பயணம் நெருங்கியபோது நண்பன் கடையில் உட்கார்த்திவைத்து நிபந்தனை போட்டான்.

"மச்சான், அங்க போயி என் தண்ணிய நீ குட்சினா ரெண்டு பேரும் காலி. அதனால மொதல்ல ஒரு ட்ரையலு. காலைல உன் வூட்ல ஏறுனா சாயங்காலம் உன் வூட்லதான் எறங்கணும். நடுவுல கடைல நிக்கக் கூடாது, ஒண்ணும் வாங்கக் கூடாது, யார்கிட்டயும் தண்ணி கேக்கக் கூடாது. இன்னா வேணுமோ எல்லாம் நீயே எட்த்துகினு வா."

"கேட்டுட்டா?"

"கேட்டுட்டா நீ வூட்ல இரு. நான் எங்க சாச்சா புள்ளையக் கூட்டிகினு போறேன்."

அந்தச் சாச்சா புள்ளையை, அதாவது அவன் சித்தப்பா மகனை, எனக்குத் தெரியும். ஜிம்முக்குப் போகிறவன். கோடு போட்ட பாட்டிலில் கோடு கோடாகக் குடிப்பான். பேச்சுக்கு நடுவில் மணிக்கட்டைத் திருப்பித் தன் இதயத் துடிப்பை வாசித்துக் காட்டுவான். நான் பல வருடமாகக் கனவு கண்ட சாலையில் அவன் இதயம் துடிக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

திட்டம் போடுவதில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஸ்டோர்ஸ்காரன் புத்தி அப்படி. இருப்பு குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது. அலமாரி நிறைந்திருந்தால்தான் நான் மனிதன். ஆஸ்திரேலியப் பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்த ஒரு தாடிக்காரரின் வீடியோக்களைப் பத்து நாள் பார்த்தேன். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றார். உப்பு போகும், சர்க்கரை போகும், அவ்வப்போது பிசுபிசுப்பாக எதையாவது உறிஞ்ச வேண்டும் என்றார். அவர் உறிஞ்சிய பொருள் இங்கே கிடைக்கிற விலைக்கு ஒரு டயர் வாங்கலாம். ஆகவே நானே தயாரித்தேன். வெல்லப்பாகு, புளிக்கரைசல், உப்பு, கொஞ்சம் சுக்கு. காலியான தக்காளி சாஸ் பாட்டிலில் ஊற்றி, ஹேண்டில் பாரில் மாட்டினேன். கடலை மிட்டாய் ஒரு பொட்டலம். மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை நான்கு பொட்டலம். உப்புக்கு, காயவைத்த நார்த்தங்காய் ஊறுகாய்.

இனி தண்ணீர். குடிக்க ஒரு லிட்டர் சைக்கிள் சட்டத்தில். மீதி எட்டு லிட்டரை நான்கு பெரிய பாட்டிலில் பனிக்கட்டியாக்கி எடுத்துப் போவது என்று முடிவெடுத்தேன். முதல் பாட்டில் தீரும்போது அடுத்தது உருகியிருக்கும், அது தீரும்போது அதற்கடுத்தது. கடைசிச் சொட்டு வரை ஜில். இந்த யோசனை வந்த அன்று எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளத் தோன்றியது.

மனைவி ஃப்ரீசரைத் திறந்தாள்.

"இன்னாங்க இது? நேத்து வாங்கின வஞ்சிரம் எங்க?"

"கீழ் வூட்டுக்காரங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன்."

"மீனு அவங்க வூட்ல, தண்ணி நம்ப வூட்ல. நாளைக்கு அவங்க கொழம்பு வெச்சிட்டு நமக்குக் கிண்ணத்துல குடுத்தனுப்புவாங்க. வாங்கித் துன்னுங்க."

பாட்டில்களை வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. செங்கல்பட்டு மீன் மார்க்கெட்டில் வழக்கமாக வாங்குகிற கடையில் பழைய தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டேன். கடைக்காரர் சந்தோஷமாகக் கொடுத்தார். கூடவே தொழில் ரகசியமும் கொடுத்தார்.

"சும்மா வெச்சினா பத்து மணிக்கே தண்ணியாப் பூடும் அண்ணாத்த. சுத்தி ஐஸ ஒடச்சிப் போட்டு, மேல கல்லுப்ப அள்ளித் தூவு. சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும்."

கல் மாதிரி நிற்கும் என்பதை அவர் மீனுக்குச் சொன்னார். நான் அதைத் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டு, பாட்டில்களைச் சுற்றி ஐஸும் கல்லுப்பும் கொட்டினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்று தோன்றவில்லை. மீனை யாரும் வழியில் நிறுத்திக் குடிப்பதில்லை.

கத்திரி வெயில் காலத்து ஒரு ஞாயிறு. விடிவதற்கு முன்பே பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கிளம்பினேன். எங்கள் செங்கல்பட்டின் கொளவாய் ஏரிக்கரையில் காற்று நன்றாகத்தான் இருந்தது. சைக்கிள்தான் நடு வயதில் இரண்டாவது பிள்ளை சுமக்கிறவள் மாதிரி அசைந்து அசைந்து வந்தது. பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆகவே திருக்கழுக்குன்றத்திலேயே இரண்டு புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துப் பாரத்தைக் குறைத்தேன். அதில் காரம் கொஞ்சம் தூக்கல். மாமல்லபுரம் போய்ச் சேரும்போது குடிக்கிற பாட்டிலில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

நண்பன் கடை வாசலில் தயாராக நின்றான். முதுகில் ஒல்லியாக ஒரு பை. உள்ளே தண்ணீர் உறை, அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வந்து வாய்க்கு நேராகத் தொங்கியது. என் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்து மூக்கைச் சுளித்தான்.

"இன்னாடா நாத்தம்?"

"வாசனைன்னு சொல்லு. தண்ணிப் பெட்டி."

"கெளுத்தி மீனு அடிக்குது மச்சான்."

"பெட்டிதான் பழசு. உள்ள தண்ணி புத்தம் புதுசு."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். அந்த வாசனையின் வீரியம் எனக்குப் புரிந்தது சதுரங்கப்பட்டினத்தில். முதலில் ஒரு நாய் எழுந்தது. மரியாதையாகக் கொஞ்ச தூரம் கூட வந்தது. பிறகு அது தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியது. ஊரைத் தாண்டும்போது என் பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. எட்டு லிட்டர் பனிக்கட்டியோடு அந்த வேகத்தில் மிதிக்க முடியும் என்று எனக்கே தெரியாது. நண்பன் முன்னால் போய் நின்று வீடியோ எடுத்தான்.

நாய்களாவது பரவாயில்லை. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் இருந்து ஓர் அம்மா கையைத் தட்டினார்.

"மீனு! ஏ மீனு! இன்னா கீது இன்னிக்கு?"

"மீனு இல்லீங்கம்மா."

"வவ்வாலு கெடைக்கலியா?"

"ஒண்ணுமே இல்லீங்கம்மா, தண்ணி."

"காலங்காத்தால தண்ணியா? நல்லா இருப்பே, போ."

நண்பன் சிரித்த சிரிப்பில் அவன் வாயிலிருந்த குழாய் நழுவி விழுந்தது.

கூவத்தூர் வரும்போது குடிக்கிற பாட்டில் காலி. அதில் எனக்கு வருத்தமில்லை, திட்டப்படிதான் எல்லாம் நடக்கிறது. அடுத்த பாட்டில் உருகியிருக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே சாலையோரம் கீற்றுப் பந்தல் போட்டு, பானைக்குச் சிவப்புத் துணி சுற்றி, நீர்மோர் கரைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் இது ஒரு சங்கடம். ரசிகர் மன்றம், கட்சிக் கிளை, கோயில் தெருப் பசங்கள் என்று ஆளுக்கொரு பந்தல். போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக் குடிக்கவைப்பார்கள். பாலைவனத்துக்கு ஒத்திகை பார்க்க இதைவிட மோசமான மாவட்டம் கிடைக்காது. நான் கேட்கவில்லை. மிதிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கினேன், அவ்வளவுதான். உதட்டை ஒருமுறை நாக்கால் தடவினேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். டம்ளரோடு ஒருவர் என்னைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தார்.

"மச்சான்!" பின்னாலிருந்து குரல். "மூஞ்சியாலயும் கேக்கக் கூடாது!"

அது நிபந்தனையில் இல்லாத விதி. வாதாட வாயில் ஈரம் இல்லை. மிதித்தேன்.

செய்யூர்ப் பக்கம் திரும்பி, நண்பன் ஒரு மண்பாதையைக் காட்டினான். இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணுக்கெட்டிய வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கொரு சூரியன். "இதான் மச்சான் நம்ப அனந்தபூரு" என்றான். அதுவரை வந்ததெல்லாம் வெறும் வெயில் என்பது அங்கே போனதும் தெரிந்தது.

கரையில் ஒரே ஒரு சீமைக்கருவேலப் புதர். அதன் நிழல் ஒரு தலைக்குத்தான் காணும். பையைப் புதரில் சாய்த்துவிட்டு நண்பன் தலையை நிழலில் நீட்டினான். நான் என் தலையை அவன் வயிற்றில் வைத்துக்கொண்டேன். ஊக்கத்துக்கு என் வெல்லப்பாகை உறிஞ்சலாம் என்று பார்த்தால், மூடி கழன்று ஹேண்டில் முழுக்க வழிந்திருந்தது. திருக்கழுக்குன்றத்து எறும்புகளா கூவத்தூர் எறும்புகளா தெரியாது, குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தன. எனக்கென்று மிஞ்சியது நார்த்தங்காய். ஒரு துண்டை வாயில் போட்டேன். நாக்கில் மிச்சமிருந்த ஈரத்தையும் அது வாங்கிக்கொண்டது.

நண்பன் எழுந்து குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். காற்றுதான் வந்தது. பையைத் தூக்கினான். அடியில் மண் கறுத்து நனைந்திருந்தது. கருவேல முள் ஒன்று பையைத் தாண்டி உள்ளிருந்த உறைக்குள் விரல் நீளம் இறங்கியிருந்தது. நல்ல சைக்கிள்காரன், உடனே பஞ்சர் ஒட்டுகிற பசையை எடுத்து ஓட்டையை அடைத்தான். அருமையாக ஒட்டினான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் என் பெட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். செஞ்சியில் நான் அவன் பாட்டிலைப் பார்த்த அதே பார்வை.

"மச்சான்... பெட்டிய தெற."

"கேக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க."

"அடப் போடா, தெற."

"மூஞ்சியாலயும் கூடாது."

"தெறடா, பேமானி!"

பட்டாபிஷேகம் மாதிரி நிதானமாக டேப்பை உரித்தேன். உள்ளே நான்கு பாட்டிலும் வைத்த மேனிக்கு இருந்தன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன். சத்தம் கூட இல்லை. இரண்டாவதை எடுத்துக் கரைக்கல்லில் அடித்தேன். கல்லில் கீறல் விழுந்தது. மீன்கடைக்காரர் சொன்னது சத்தியம். கத்திரி வெயிலில், உப்பளத்து நடுவில், எட்டு லிட்டர் தண்ணீர் எங்களிடம் இருக்கிறது, அதில் ஒரு மடக்கு கூடக் குடிக்க முடியாது.

நண்பன் என்னை அடிக்கவில்லை. ஹார்டுவேர்காரன் பையில் அறுக்கிற பிளேடு இல்லாமல் இருக்குமா? எடுத்து ஒரு பாட்டிலின் கழுத்தை அறுத்தான். உள்ளே ஆவி பறக்கிற வெள்ளைக் கட்டி. எனக்குப் பொறுமை இல்லை. பிடுங்கி நாக்கை நீட்டி நன்றாக ஒரு நக்கு நக்கினேன்.

நாக்கு ஒட்டிக்கொண்டது.

உப்பு போட்ட ஐஸ் சாதாரண ஐஸை விட எவ்வளவு குளிரும் என்று தாடிக்காரர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. இழுத்தால் வலித்தது, விட்டால் இன்னும் பிடித்தது. பாட்டிலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "அவ்வா... அவ்வா" என்றேன். நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் புரண்டான். தாகத்தில் சாகப்போகிறவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தப் பக்கத்துப் பாத்தியிலிருந்து குரல் வந்தது.

"மீனு! ஏ மீனு! இன்னா மீனு கீது?"

விடியலில் ஆரம்பித்த வேலையை முடித்து, உப்பு வாருகிற பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தாறு பெண்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா முன்னால் வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மீனு எங்க?"

பதில் சொல்ல வேண்டியவன் நான். என் நாக்கு வேலையாக இருந்தது. நண்பன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மீனு இல்லக்கா. ஐஸுதான்."

"ஐஸ வெச்சிகினு ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க இங்க?" கையை விட்டுப் பெட்டிக்குள் துழாவி ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். "அடப் பாவி, உப்பு! உப்பளத்துக்கு உப்ப மூட்ட கட்டிகினு வந்துகீறான் பாருங்கடி!"

அவர்கள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நண்பனுக்கு அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. அவன் கண், அந்த அக்கா இடுப்பில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தில் இருந்தது. உதட்டை நாக்கால் தடவினான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

கேட்டுவிட்டான். வாயைத் திறந்து, நாலு பக்கமும் கேட்கும்படி, முழு வாக்கியமாகக் கேட்டுவிட்டான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் நாக்கு தானாகவே விட்டுக்கொண்டது. கொஞ்சம் தோலோடு.

"இத்தக் கேக்க இவ்ளோ நேரமா? குடி ராசா" என்று அவர் குடத்தைச் சாய்த்தார். வெயிலில் நின்ற தண்ணீர், டீ போடுகிற சூடு. அவன் அண்ணாந்து குடித்தான். என்னிடம் நீட்டினார். கேட்காமலே கொடுத்தது. விதியில் அதற்கு இடமுண்டு. குடித்தேன்.

அப்புறம் அங்கே நடந்தது சின்னத் திருவிழா. நண்பன் நான்கு பாட்டிலையும் அறுத்தான். கட்டிகளை அவர்கள் துணியில் சுற்றிப் பலகைக் கட்டையால் உடைத்தார்கள். பாதி குடத்துக்குள் போயிற்று, பாதி அவர்கள் கொண்டுவந்திருந்த கேழ்வரகுக் கூழ்த் தூக்குகளில். காலையிலிருந்து சூட்டில் கிடந்த கூழ் சில்லிட்டபோது, ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இன்னொருத்தி ஒரு துண்டை எடுத்துப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு, "தெனம் இந்த ரோட்ல வர்றியா மீனு?" என்று என்னைக் கேட்டாள். மீதமிருந்த இரண்டு பொட்டலம் புளியோதரையும் நார்த்தங்காயும் சுற்றி வந்தன. எங்களுக்கும் ஆளுக்கொரு மூடி கூழ். அந்த நாளின் திட்டத்தில் இல்லாத ஒரே உணவு அதுதான். மற்றதெல்லாம் போன இடம் தெரியவில்லை, கூழ்தான் எங்களை வீடு சேர்த்தது.

கிளம்பும்போது என் பாட்டிலிலும் அவன் ஒட்டிய உறையிலும் ஜில்லென்ற தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள். ஒட்டு பிடித்துக்கொண்டது.

மதுராந்தகம் தாண்டும் வரை நண்பன் முன்னால் மிதித்தான். நான் வலிக்கிற நாக்கை வெளியே நீட்டிக் காற்றில் ஆற்றிக்கொண்டே பின்னால் போனேன். ஜி.எஸ்.டி சாலையில் கருங்குழி வந்தபோது, அங்கேயும் ஒரு நீர்மோர்ப் பந்தல். அவன் நேராகப் போய்ச் சைக்கிளை நிறுத்தி, மூன்று டம்ளர் குடித்தான். நான் இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றி, முகத்தை எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றேன்.

"குட்றா."

"நான் கேக்கல. வாங்கல. மூஞ்சி கூட அந்தப் பக்கம் வெச்சிருக்கேன். நோட் பண்ணிக்கோ."

அவன் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுழற்றினான்.

"சரிடா. ரூல ஒடச்சது நானு. நீ வர்றே."

"சாச்சா புள்ள?"

"அவன் வர்ல. அவன் ஐஸும் கொண்டாரமாட்டான், யாரும் அவனக் கூப்ட்டு மீனும் கேக்கமாட்டாங்க." குழாயை எடுத்து ஒரு மடக்கு உறிஞ்சினான். "ஆனா மச்சான், அனந்தபூர்ல ரூல மாத்திக்கலாம். தண்ணிய ஐஸ் போடாத நெறைய எட்த்துகினு போவோம். தீந்துச்சா, எவங்க வூட்டு வாசலா இருந்தாலும் வாயத் தெறந்து கேட்ருவோம். அப்புறம், அந்தப் பெட்டி வரக் கூடாது."

"பெட்டிய வுட்டுட்டு வர்றேன். உன் பாட்டில்லயும் கை வெக்கமாட்டேன்."

"அத்த நான் நம்பமாட்டேன். எக்ஸ்ட்ரா ஒரு பாட்டிலு உன் பேர்ல எட்த்துகினு வர்றேன்."

அதன் பிறகுதான் இறங்கினேன். பந்தல்காரர் எனக்கொரு டம்ளர் நீட்டினார். கறிவேப்பிலையும் இஞ்சியும் மிதக்க, மோர் தொண்டையில் இறங்கும்போது அவர் என் கேரியரை மோப்பம் பிடித்துவிட்டு, ரகசியம் பேசுகிற மாதிரிக் கிட்ட வந்தார்.

"அண்ணாத்த, மீனு எதுனா மிச்சம் கீதா?"

நண்பன் பதில் சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இல்லண்ணா. எல்லாம் உப்பளத்துலயே வித்துப்போச்சு."